நாற்பது மில்லிகிராம் மழை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் மானக்கேடு. இது கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு கேள்வியாக என் வாசலில் வந்து நின்றது.

1996, மே மாதம், கத்திரி வெயில். தாம்பரத்தில் ஒரு கல்லூரி. (கல்லூரியை நானே கட்டினேன், செங்கல் சிமெண்ட் இல்லாமல். தேடிக்கொண்டு போகாதீர்கள். ரயில் நிலையமும் வெயிலும் மட்டும் நிஜம்.) அங்கே வேதியியல் துறையில் நான் ஸ்டோர் கீப்பர். பெயர் துளசிங்கம், ஊர் ராஜகீழ்ப்பாக்கம், வயது அப்போது முப்பத்தெட்டு. பீக்கர், பிப்பெட், அமிலப் புட்டி இவற்றைக் காப்பது என் வேலை. கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது என் வியாதி. என் கதைகள் நல்ல பிள்ளைகள், எங்கே அனுப்பினாலும் ஒழுங்காக வீடு திரும்பிவிடும்.

இயற்பியல் துறை ரத்தினபாய் மேடம் ஸ்டோர் வாசலில் நின்று, கையில் ஒரு கத்தரிக்கோலோடு, கேட்டார்:

"துளசிங்கம், பேலன்ஸ் ஃப்ரீயா இருக்கா? ஒரு நட்சத்திரக் கூட்டத்தை எடை போடணும்."

வெயிலில் யாருக்கும் எதுவும் ஆகலாம். நான் பதற்றப்படாமல் சொன்னேன்: "இருநூறு கிராமுக்கு மேல போனா தட்டு தாங்காது மேடம்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "இல்ல, ஒரு கிராமுக்குள்ளதான் வரும்" என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போயிற்று. இன்றைக்கு 1999. மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், தொடங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

முதல் தொடக்கம்: "பிரபஞ்சத்தின் எல்லையற்ற பேரிருளில், காலம் என்னும்—"

வேண்டாம். நான் பேரிருளைப் பார்த்ததில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் கரண்ட் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "ரத்தினபாயின் கண்களில் ஆயிரம் விண்மீன்கள்—"

இதை அவருடைய கணவர் எலியேசர் படிப்பார். ரயில்வேயில் இருக்கிறார், ஆள் ஆறடி. தவிர, மேடத்தின் கண்களில் கண்ணாடிதான் இருந்தது, தடிமனாக, ஒரு பக்கம் கைப்பிடிக்கு நூல் சுற்றி.

மூன்றாம் தொடக்கம்: "அளவிடுதல் என்பது மனித குலத்தின் ஆதி—"

இது கட்டுரை. இதைப் படித்துவிட்டு என் மனைவி தனம், "இன்னாங்க, இதுக்கு அப்பறம் பரீட்சை வைப்பாங்களா?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

ஆகவே மேலே முதல் பகுதியில் நீங்கள் படித்தது நான்காவது தொடக்கம். அதை இனிமேல் மாற்றுவதாக இல்லை. மாற்றினால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

3

நட்சத்திரக் கூட்டத்தை எப்படித் தராசில் வைப்பது? இதைச் சொல்லாமல் கதை நகராது. மேடம் எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். பிசகு இருந்தால் அது என்னுடையது. (இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நம் பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றில், ஒரு கோடி ஒளியாண்டு தள்ளி, ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. விண்மீன் மண்டலங்களின் அக்கம்பக்கத்தில் ஒரு கோடி ஒளியாண்டு என்பது தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் உள்ள தூரம். கூட்டம் பிறந்து ஒன்றரைக் கோடி வருஷம்தான் ஆகிறது, அதாவது இன்னும் தொட்டில் பிள்ளை. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே இடத்தில், நம் மாலை நேர மின்சார ரயில்போல நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

"வெளிச்சத்த வெச்சே எவ்ளோ எடைன்னு சொல்லிடலாம் இல்ல மேடம்?" என்று கேட்டேன்.

"பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கீங்களா?"

"வெள்ளிக்கெழமை ஆனா அங்கதான் மேடம்."

"தூரத்துல நின்னா என்ன கேக்கும்?"

"மைக்குல கத்தறவன் சத்தம்தான் கேக்கும்."

"மைக் எத்தனை பேர்கிட்ட இருக்கும்?"

"இன்னா, ஒரு பத்து பேர்கிட்ட."

"மைக் இல்லாதவங்க?"

"அவங்க கீறாங்க மேடம் ஆயிரக்கணக்குல."

"அதேதான். வெளிச்சமெல்லாம் பெரிய நட்சத்திரத்தோடது. எடையெல்லாம் சின்னதுங்களோடது. சின்னதுங்க நம்ம கண்ணுக்கே தெரியாது. இருக்கும்னு ஒரு நம்பிக்கையிலதான் சொல்றோம். நிஜமா இருக்கான்னு பாக்கணும்னா எடை போட்டுத்தான் ஆகணும்."

அதிலே என்ன பெரிய விஷயம் என்றால், பெரிய நட்சத்திரங்களுக்கு ஆயுசு குறைவு. ஆட்டம் போட்டுவிட்டு வெடித்துப் போய்விடும். அதன்பிறகு கூட்டத்தைக் கட்டிக் காப்பது சின்னதுகளின் எடைதான். அவை போதுமான அளவு இருந்தால் கூட்டம் ஆயிரம் கோடி வருஷம் நிற்கும். இல்லாவிட்டால் கலைந்துபோகும்.

அப்போதே நான் சின்னதுகளின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஸ்டோர் கீப்பர் வேறு எந்தக் கட்சியில் சேர்வான்?

எடை போடும் வழி இது. கூட்டத்துக்குள் நட்சத்திரங்கள் சும்மா நிற்பதில்லை, திசைக்கொன்றாக ஓடுகின்றன. வேகமாக ஓடியும் சிதறாமல் இருக்கின்றன என்றால், பிடித்து வைத்திருக்கும் எடை அதிகம். வேகத்தை எப்படி அறிவது? ஒளியை வானவில்லாக விரித்தால் அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஓட்டம் அதிகமானால் கோடு அகலமாகும். அகலத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து எடை. ஒரே ஒரு நட்சத்திரத்தின் கோடும் கருவியின் மங்கலால் கொஞ்சம் அகலமாகத்தான் விழும். அதையும் அளந்து, கூட்டத்தின் அகலத்திலிருந்து கழிக்க வேண்டும்.*

மேடத்தின் தோழி ஒருவர் வெளிநாட்டு வானாய்வுக்கூடம் ஒன்றிலிருந்து இந்த ஒளியின் பதிவைக் காந்த நாடாவில் அனுப்பினார். நாடாவை வாசிக்க எங்கள் கல்லூரியில் இயந்திரம் இல்லை. திருப்பி எழுதிக் கேட்டதும் வரைபடங்களாக ஒரு குழாயில் சுருட்டி அனுப்பினார். மேடம் அவற்றை ஒரே ரகத் தடித்த தாளில் பெரிதாகப் பிரதியெடுத்தார். கோட்டின் பள்ளத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து எடை போட வேண்டும். அதே தாளில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றையும் வெட்டி எடை போட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் பள்ளத்தின் பரப்பு தெரியும். பரப்பை ஆழத்தால் வகுத்தால் அகலம்.

நட்சத்திரக் கூட்டத்தைத் தாம்பரத்தில் கத்தரித்துத் தட்டில் வைத்தோம். இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது.

(* நேராகக் கழிக்கக் கூடாதாம். ஒவ்வொரு அகலத்தையும் தன்னாலேயே பெருக்கி, பிறகு கழிக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். மேடம் கரும்பலகை முழுக்க எழுதினார். நம்பிவிட்டேன். நீங்களும் நம்புங்கள்.)

4

இப்போது ஒரு கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

சின்னப்பன். எங்கள் துறையின் அட்டெண்டர். முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வருவான். காதில் பென்சில், வாயில் வெற்றிலை, முகத்தில் எதைப் பற்றியும் கவலையில்லாத ஒரு தெளிவு. தராசின் பராமரிப்பு அவன் பொறுப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் தங்காமலிருக்க ஒரு கிண்ணத்தில் சிலிக்கா ஜெல் வைத்திருப்போம். காய்ந்திருந்தால் நீலம், ஈரத்தைக் குடித்துவிட்டால் ரோஸ். ரோஸ் ஆனதும் ஓவனில் வைத்து வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். இது சின்னப்பனின் வேலை.

(சின்னப்பன் நன்றாக வந்திருக்கிறான், இல்லையா? அந்தப் பென்சில் எனக்கே பிடித்திருக்கிறது.)

மே மாதம் ஒற்றை நட்சத்திரத்தின் கோடுகளை வெட்டி எடை போட்டோம். சதுரத்தின் எடை 0.8010 கிராம். ஒற்றை நட்சத்திரத்தின் அகலம், மேடத்தின் அலகில், பதினேழு. பிறகு பரீட்சை, அட்மிஷன், வேலைநிறுத்தம். நவம்பரில்தான் கூட்டத்தின் முறை வந்தது. வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். மேடம் வரைபடக் குழாயை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். குடை குழாய்க்கு, மழை மேடத்துக்கு.

"முதல்ல சதுரத்தை எடை போட்டுடலாம்" என்றார்.

சின்னப்பன் சொன்னான்: "இன்னாத்துக்கு மேடம் மறுபடியும்? மே மாசமே போட்டு நோட்டுல எழுதிகினு கீறோம். சதுரம் எங்க ஓடிடப் போவுது?"

மேடம் சிரித்துவிட்டார். மூன்று மணிக்கு அவருக்கு வகுப்பு. "அதுவும் சரிதான்" என்றார்.

பன்னிரண்டு கோடுகள். பன்னிரண்டு துண்டுகள். நான்கு நாட்கள்.

5

கூட்டத்தின் அகலம் இருபது வந்தது.

இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. பதினேழைப் பதினேழால் பெருக்கினால் இருநூற்று எண்பத்தொன்பது. கழித்தால் நூற்றுப் பதினொன்று. அதோடு கூட்டத்தின் பருமனையும் ஈர்ப்பு எண்ணையும் சேர்த்து மேடம் பெருக்கி வகுத்து, பேனாவைக் கீழே வைத்தார்.

"நாலரை லட்சம் சூரியன்" என்றார்.

வெளிச்சத்தை வைத்து ஊகித்த எடை நான்கு லட்சத்து நாற்பதாயிரம். அச்சுப்போலப் பொருந்தியது. மைக் இல்லாத ஆயிரக்கணக்கானோர் உண்மையிலேயே சந்தையில் இருந்தார்கள்! கூட்டம் நிற்கும்! நான் ஸ்டோர் ரூமில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். ஒரு குடுவை உடைந்தது. அதை உபயோகத்தில் உடைந்ததாக எழுதிக்கொண்டேன், அதுவும் பொய்யில்லை.

மேடம் அந்தக் கூட்டத்துக்கு ஓர் எண்தான் கொடுத்திருந்தார். பெயர் வைக்கலாமே என்றேன். "எண்ணு போதும்" என்றார். என் நோட்டில் மட்டும் நான் ரகசியமாக அதற்கு ராஜகீழ்ப்பாக்கம் என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊரிலும் அப்போது வயலெல்லாம் மனையாகி, புதுசு புதுசாக வீடுகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

மேடத்தின் பகுதிநேர முனைவர் பட்டப் பதிவு டிசம்பர் 31 அன்று முடிகிறது. நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அன்றைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எட்டு வருஷம் போச்சு. டிசம்பர் 20 அன்று ஐந்து பிரதிகள் பைண்டிங் ஆகி வந்தன. மெரூன் அட்டை, தங்க எழுத்து. நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இது: "தராசைத் தந்து உதவிய திரு. துளசிங்கம் அவர்களுக்கு."

என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. பத்திரிகைகள் பதினாறு வருஷமாகத் தராததை மேடம் ஒரு வரியில் தந்துவிட்டார். சொன்னால் வெட்கம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமிலப் புகை என்று சமாளித்தேன்.

6

டிசம்பர் 24. கல்லூரி விடுமுறை. ஸ்டாக் சரிபார்க்க நான் மட்டும் போயிருந்தேன். தராசின் கண்ணாடிக் கதவைத் தூக்கினேன். கிண்ணத்தில் சிலிக்கா ஜெல் ரோஸாக இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, பஞ்சு மிட்டாய் ரோஸ். குறைந்தது இரண்டு மாதமாக யாரும் அதை வறுக்கவில்லை.

எல்லாம் இந்தச் சின்னப்பனால் வந்தது. அவன் மட்டும் தன் வேலையை ஒழுங்காக—

(இந்த இடத்தில் தனம் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"யாருங்க இந்தச் சின்னப்பன்?"

"அட்டெண்டர்."

"உங்க காலேஜ்ல அப்டி ஒருத்தரும் கெடயாதே. அட்டெண்டர் போஸ்ட்டே பத்து வருஷமா காலியா கீதுன்னு நீங்கதான தெனம் பொலம்புவீங்க?"

"கதைம்மா. கதையில போட்டுக்கலாம்."

"அப்ப 'எங்க ஓடிடப் போவுது'ன்னு ஏன் அவன் சொல்றான்? அது நீங்க சொல்றது. கேஸ் சிலிண்டர் சொல்லி வைங்கன்னா எங்க ஓடிடப் போவுது. பல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா எங்க ஓடிடப் போவுது. பாவம், வாயில்லாப் பூச்சி, அவன் மேல ஏங்க பழி போடறீங்க?"

தனம் உள்ளே போய்விட்டாள். போகும்போது, "பென்சில் நல்லா கீது" என்றாள்.)

7

சரி.

சின்னப்பன் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. அந்தப் பென்சில் இருக்கும் காது என்னுடையது. சிலிக்கா ஜெல் என் பொறுப்பு. "சதுரம் எங்க ஓடிடப் போவுது" என்று சொன்னவன் நான். நான்காம் பகுதியில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். நானே திருத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கதையை மூன்று வருஷம் என்னால் ஏன் முடிக்க முடியவில்லை என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டுவைக்கிறேன்.

ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் மே மாதச் சதுரம் ஞாபகம் வந்தது. பழைய சதுரத்தை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தேன். 0.8410. தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன். 0.8410.

தாள் தண்ணீர் குடிக்கும். மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப்போவது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். நட்சத்திரம் நமத்துப்போகும் என்றுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தின் துண்டுகளை மழையில் எடை போட்டுவிட்டு, வெயிலில் எடை போட்ட சதுரத்தோடு ஒப்பிட்டுவிட்டோம்.

ஐந்து சதவீதம்தானே என்று நினைத்தேன். பிறகு மேடத்தின் வழியிலேயே போட்டுப் பார்த்தேன். அகலம் இருபது அல்ல, பத்தொன்பதும் கொஞ்சமும். தன்னால் பெருக்கினால் முந்நூற்று அறுபத்து மூன்று. இருநூற்று எண்பத்தொன்பதைக் கழித்தால் எழுபத்து நான்கு. நூற்றுப் பதினொன்று இருந்த இடத்தில் எழுபத்து நான்கு! நாலரை லட்சம் சூரியன் மூன்று லட்சம் ஆகிவிட்டது. நாற்பது மில்லிகிராம் ஈரம், தண்ணீர்க் குழாயை மூடிய பிறகும் தொங்கும் ஒரு சின்னச் சொட்டு, ஒன்றரை லட்சம் சூரியன்களாக உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பயமாகவும் இருந்தது, பரவசமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. கிழக்குத் தாம்பரத்துப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்துகொண்டு ஒன்றரை லட்சம் சூரியன்களை வானத்தில் ஏற்றிவிட்டேனே! எந்த எழுத்தாளனுக்கு இது வாய்க்கும்?

அப்புறம் பயம் மட்டும் மிஞ்சியது. மூன்று லட்சம் என்றால் வெளிச்சம் சொன்னதைவிட மிகக் குறைவு. சின்னதுகள் குறைவு. கூட்டம் கலையலாம். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் தலைகீழ். மீதி ஏழே நாள், அதில் ஒன்று கிறிஸ்துமஸ், ஒன்று ஞாயிறு.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: துளசிங்கம் சிலிக்கா ஜெல்லை வறுத்து நீலமாக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறான். மேடம் டாக்டர் ஆகிறார். அச்சில் துளசிங்கத்தின் பெயர் இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் ஆயிரம் கோடி வருஷம் நிற்கிறது.

முடிவு ஆ: துளசிங்கம் உண்மையைச் சொல்கிறான். மேடத்தின் எட்டு வருஷம் போகிறது. அவர் அப்புறம் அவனோடு பேசுவதே இல்லை. துளசிங்கத்தின் மனச்சாட்சி மட்டும்—

அ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஓவனைச் சூடாக்கி, சிலிக்கா ஜெல்லை உள்ளே வைத்தும்விட்டேன். அது நீலமாகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக நீலமானது. என்னால்தான் எழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை.

8

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சேலையூரில் மேடம் வீட்டுக்குப் போனேன். சாப்பிட வரச்சொல்லி ஏற்கெனவே அழைத்திருந்தார். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. மழையில் நனைந்து ஒரு முனை மடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழைப்பு மணியை அழுத்தினேன்.

எலியேசர் சார் கதவைத் திறந்தார். "வாங்க துளசிங்கம்! ஹேப்பி கிறிஸ்துமஸ்! தனம் வரலையா? கேக் எடுத்துக்கங்க."

"கேக் அப்பறம் சார். மேடம் கீறாங்களா?"

மேடம் புதுப்புடவையும் கையில் கரண்டியுமாக வந்தார். நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சிலிக்கா ஜெல், சதுரம், 0.8410. கடைசியில், "என் தப்புதான் மேடம். நான்தான் சொன்னேன் எங்க ஓடிடப் போவுதுன்னு. ஓடிட்ச்சு" என்றேன்.

எலியேசர் சார் முகம் வெளுத்துவிட்டது. "அஞ்சு காப்பி பைண்ட் பண்ணியாச்சேப்பா! கோல்டு லெட்டர்!" பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ரத்தினா, இதை யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றார்.

"இவர் கண்டுபிடிச்சிட்டாரே" என்றார் மேடம்.

கரண்டியைக் கணவரிடம் கொடுத்தார். கேக் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, எலியேசர் சாரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, எழுதினார். நானூறு. இருநூற்று எண்பத்தொன்பது. முந்நூற்று அறுபத்து மூன்று. எழுபத்து நான்கு. நான் அந்த எண்களைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதற்கும் நின்றதில்லை.

"எத்தனை மில்லிகிராம் வித்தியாசம்?"

"நாப்பது மேடம்."

"நாப்பது மில்லிகிராம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். எலியேசர் சாரும் அப்படித்தான் நினைத்துக் கரண்டியோடு ஓடிவந்தார்.

மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராத சிரிப்பு. பிறகு சத்தம் வந்தது. "ஒன்றரை லட்சம் சூரியன் மழைங்க! நம்ம தாம்பரம் மழை! அங்க போயி, அங்க போயி—" முடிக்க முடியவில்லை. கையை மேலே காட்டினார். எனக்கும் தொற்றிக்கொண்டது. எலியேசர் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே.

சிரித்து ஓய்ந்தபின் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் பயமும் இருந்தது, பார்த்தேன். எட்டு வருஷம் சும்மா இல்லை.

"மன்னிச்சிடுங்க மேடம்."

"நீங்க சொன்னீங்க. நான் சரின்னேன். சதுரத்தை மறுபடி போடணும்னு தெரிஞ்சும் சரின்னேன். வகுப்புக்கு லேட்டாகுதுன்னு." பேனாவை மூடினார். பிறகு கேட்டார்:

"துளசிங்கம், நாளைக்கு பேலன்ஸ் ஃப்ரீயா இருக்கா?"

9

இருந்தது.

சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் சதுரம், ஒவ்வொரு துண்டுக்குப் பின்பும் சதுரம். பன்னிரண்டு துண்டுகள், இருபத்து நான்கு சதுரம். அதை எங்கும் ஓடவிடவில்லை. எலியேசர் சார் மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூச்சு விட்டால்கூடத் தட்டு ஆடும் என்று நான் சொன்னதால் வராந்தாவிலேயே நின்றார்.

மூன்று லட்சம் சூரியன். கூடுதல் குறைவு ஒரு லட்சம்.

அந்தக் கூடுதல் குறைவுதான் எனக்குப் புரிய நேரமாயிற்று. எடை நான்கு லட்சமாகவும் இருக்கலாம், இரண்டு லட்சமாகவும் இருக்கலாம். நான்கு என்றால் கூட்டம் பெரும்பாலும் நிற்கும். இரண்டு என்றால் கலையும். மேடம் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். பழைய கடைசி வரி, இந்தக் கூட்டம் நிலைக்கும் என்று சொன்னது. புதிய கடைசி வரி: இந்த எடையைக் கொண்டு, இது நிலைக்குமா கலையுமா என்று சொல்ல இயலாது.

"இதுக்கு பட்டம் குடுப்பாங்களா மேடம்?"

"குடுக்கலாம். இந்த வரிய எழுத எனக்குத் தைரியம் வர எட்டு வருஷம் ஆச்சு."

திங்கட்கிழமை பைண்டிங். செவ்வாய்க்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, மூன்று பேரும் ஆளுக்கொன்றிரண்டு பிரதிகளோடு மின்சார ரயிலில் ஏறினோம். பல்கலைக்கழக அலுவலகத்தில் மணி நான்கு நாற்பது. வாங்கிக்கொண்டவர் கையை இழுத்துப் பார்த்து, "இன்னாம்மா ஒட்டுது?" என்றார்.

"கோந்து சார், மழைல காயல" என்று நான் சொன்னேன். மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அலுவலர் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, பென்சில் வைக்கும் அதே காதில்.

ரயிலில் திரும்பும்போதுதான் மேடத்தின் பிரதியில் நன்றியுரையைத் திறந்தேன். என் வரி மாறியிருந்தது. "ஆறாம் அத்தியாயத்தின் பிழையைக் கண்டுபிடித்த திரு. துளசிங்கம் அவர்களுக்கு."

"செஞ்சதும் நான்தானே மேடம்? அதையும் போட்டிருக்கலாம்."

"செஞ்சது நம்ம ரெண்டு பேரும். கண்டுபிடிச்சது நீங்க."

பிறகு மாம்பலம் வந்தது. கூட்டம் ஏறியது. பேச முடியவில்லை.

10

மேடம் இப்போது டாக்டர் ரத்தினபாய். நான் இப்போதும் ஸ்டோர் கீப்பர். அட்டெண்டர் போஸ்ட் இப்போதும் காலி. சின்னப்பனை அங்கே நியமித்துவிடலாமா என்று யோசிக்கிறேன், பாவம், ஒரு தப்பும் செய்யாமல் இரண்டு பகுதி முழுக்கப் பழி சுமந்தான்.

மிச்சம் ஒன்றுதான். ராஜகீழ்ப்பாக்கம் நின்றதா, கலைந்ததா?

நிற்கிறது என்று ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். கலைகிறது என்று இன்னொரு பத்தி. இரண்டாவது கொஞ்சம் அழகாக வந்திருக்கிறது, அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம். தனத்திடம் கேட்டேன். "உனக்கு இன்னா தோணுது?" என்றேன். "அவங்களே தெரியலன்னு எழுதிட்டாங்க. உங்களுக்கு மட்டும் எப்டித் தெரியும்?" என்றாள்.

நாங்கள் வெட்டிய ஒளி, அந்தக் கூட்டத்தை விட்டு ஒரு கோடி வருஷம் முன்பே கிளம்பியது. அதற்குப் பிறகு அங்கே என்னவோ நடந்திருக்கும். அந்தச் செய்தியும் கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது. முடிவை நான் மறைக்கவில்லை, எனக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு முதலில் வந்தால் ஒரு கார்டு போடுங்கள்.

அதுவரை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நிற்கிறது என்றாலும் சரி, கலைகிறது என்றாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்லும் முன் அதை ஒரு தடவை எடை போடுங்கள். மே மாதமே போட்டாயிற்றே என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் படிக்கும் இன்று வெளியே மழை பெய்தால், இந்தக் கதை உங்கள் கையில் சற்றுக் கனமாக இருக்கும். அந்தக் கனம் என்னுடையதல்ல. கழித்துக்கொள்ளுங்கள்.